தோற்கும் உரிமை

சென்ற திங்களில் ஒரு மாலை. கடலூருக்கும் விருத்தாசலத்துக்கும், பண்ணுருட்டிக்கும் கும்பகோணத்துக்கும் பேருந்துகள் பிரிந்து செல்லும் வடலூர் நாற்சந்தியிலே, தேநீர்க் கடையொன்றில் அமர்ந்திருந்தோம். எதிரே வந்து நின்றார் நம் பழைய மாணவர் ஒருவர். ஏழாண்டுகளுக்கு முன், நாம் ஆசிரியப் பணியிற் புகுந்த முதல் ஆண்டில், பத்தாம் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்த பிள்ளை. இன்று பொறியியல் பட்டதாரி. தொழிற்சாலை ஒன்றில் மாதச் சம்பளக்காரர். கையிலே ஒரு காகிதக் கட்டு.

"சார், இதுல கையெழுத்துப் போடலாமா, கூடாதா? நீங்கதான் சொல்லணும்" என்றார்.

வாங்கிப் பார்த்தோம். பதினான்கு பக்கம், ஆங்கிலம், அதிலும் வழக்கறிஞர் ஆங்கிலம். நாமோ கலைப் பட்டதாரி. கவிதைக்குப் பொருள் சொல்லப் பழகிய நமக்கு அந்தப் பதினான்கு பக்கத்துக்குப் பொருள் காண இரண்டு இரவுகள் பிடித்தன. எனினும் கதையை அவர் வாயாலேயே கேட்டறிந்தோம்.

அவருடைய அன்னையார் முந்திரி உடைப்பவர். பண்ணுருட்டி வட்டாரத்து முந்திரிப் பருப்பை ஊரும் உலகும் உண்ணுகின்றன; அதை உடைக்கும் கைகளை உண்பவர் எவரும் கண்டதில்லை. கொட்டையின் தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் தோலைச் சுடும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைப்பார்கள். அப்படியும் விரல்நுனி கறுக்கும், வெடிக்கும், ரேகை அழியும். ஆதார் அட்டைக்குக் கைரேகை பதியச் சென்றபோது, கருவி அந்த அம்மையாரின் விரலை ஏற்க மறுத்துவிட்டதாம். விரல் இருக்கிறது, விரலுக்கு உரியவர் எதிரே நிற்கிறார், ஆனால் அவர் இன்னார் என்பதற்குச் சான்று இல்லை! அன்று பிறந்ததாம் நம் மாணவருக்கு அந்த எண்ணம். ஆலைகளுக்குப் பெரிய இயந்திரங்கள் உண்டு. வீட்டுத் திண்ணையில் ஒரு பெண் தனியாக இயக்கத்தக்க, எண்ணெய் விரலில் படாத, மலிவான கருவி வேண்டும் என்பது அவர் கணிப்பு. அன்னையின் நகையை அடகு வைத்து முதற் கருவியைச் செய்தும் முடித்துவிட்டார்.

(கருவி வந்தால் உடைக்கும் பெண்களின் கூலி போய்விடுமே என்று இரங்குவோர் உண்டு. அது தனிக் கட்டுரைக்குரிய பொருள். ஆனால் வெந்த விரலோடுதான் கூலி வாங்க வேண்டும் என்று வாதாடுவோர், ஒரு நாள் பொழுதுக்கு உடைத்துப் பார்த்துவிட்டு வந்து வாதாடட்டும்.)

கருவியைக் கண்ட முதலீட்டாளர் குழு ஒன்று நாற்பது இலட்ச ரூபாய் தர முன்வந்திருக்கிறது. ஈடாக நிறுவனத்தில் ஐந்தில் ஒரு பங்கு. வேலையை உடனே விட வேண்டும். திண்ணைக் கருவியோடு நின்றுவிடாமல் ஆலைகளுக்கான பெரிய கருவியையும் செய்ய வேண்டும். மூன்றாண்டில் இந்தியா முழுதும் விற்க வேண்டும். பிறகு ஆப்பிரிக்க நாடுகள். காகிதங்களோடு அறிவுரையும் இலவசமாக வந்திருந்தது: முழுமூச்சாக இறங்கு, விரைந்து வளர், தோல்வியைக் கண்டு அஞ்சாதே, தோல்வி என்பது தழும்பல்ல, பதக்கம்!

"இதையேதானே சார் நீங்களும் அன்னைக்கு வகுப்புல சொன்னீங்க?" என்றார்.

சுருக்கென்றது. ஆம், சொன்னோம். எடிசன் படத்தைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு, ஆயிரம் முறை தோற்றவன் கதையை அடுக்குமொழியில் முழங்கினோம். பிள்ளைகள் கைதட்டினார்கள். மாதக் கடைசியில் நமக்குச் சம்பளம் வந்தது. நாம் சொன்னதை நம்பி எவரேனும் வேலையை விட்டிருந்தால், அவர் வீட்டு அடுப்பு எரிந்ததா என்று நாம் போய்ப் பார்த்ததில்லை.

ஆகவே கேட்கிறோம்: 'அஞ்சாதே' என்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு? இழப்பவர் ஒருவர், இழப்புக்கு அஞ்சாதே என்பவர் வேறொருவர் என்றால், அந்தச் சொல்லை வீரம் என்பதா, வாணிபம் என்பதா? அச்சத்தை அறியாமை என்று இகழ்கிறோமே, அச்சம் சில வேளைகளில் அறிவாக இருக்கக் கூடாதா?

புத்தொழில் என்றும் ஸ்டார்ட்-அப் என்றும் இன்று கல்லூரி தோறும் பேச்சு. அதற்குப் பணம் தரும் முறைக்குத் துணிகர முதலீடு என்று பெயர். கடனல்ல, வட்டியில்லை, வீட்டுப் பத்திரத்தை வாங்கிப் பெட்டியில் பூட்டுவதில்லை. தொழில் வென்றால் பங்குக்கேற்ற பயன். தொழில் வீழ்ந்தால் பணம் தந்தவருக்கும் இழப்பு. கந்து வட்டியையும் மீட்டர் வட்டியையும் கண்டு வளர்ந்த நம் ஊர்களுக்கு இது பெரும் புதுமைதான். குலத்தைப் பார்த்து, கொல்லையைப் பார்த்து, ஈடு கேட்டுப் பணம் நீட்டிய உலகில், 'உன் எண்ணத்தைக் காட்டு, பணம் தருகிறேன்' என்று ஒருவர் வந்தால் அவரை வரவேற்பதே முறை. முதலீட்டாளரைத் தூற்றுவதற்காக நாம் எழுதுகோலை எடுக்கவில்லை. அவருடைய கணக்கு என்ன, நம் மாணவருடைய கணக்கு என்ன என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே நம் விழைவு.

இம்முறைக்கு இன்றைய வடிவம் தந்தவர்களுள் ஒருவர் ஜார்ஜ் டோரியோ. ஹார்வர்டு வணிகக் கல்லூரிப் பேராசிரியர். 1946-இல், போர் ஓய்ந்த மறு ஆண்டு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அவரும் வேறு சிலரும் சேர்ந்து ஒரு முதலீட்டுக் கழகம் கண்டனர். 1957-இல் இளம் பொறியாளர் இருவர் தொடங்கிய டிஜிட்டல் எக்விப்மென்ட் என்னும் கணிப்பொறி நிறுவனத்தில் அக்கழகம் 70,000 டாலர் போட்டு, எழுபது விழுக்காடு பங்கைப் பெற்றது. சுமார் பதினோராண்டு கழிந்து, நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்துவிட்ட நிலையில், அந்தப் பங்கின் மதிப்பு 35 கோடி டாலரைத் தாண்டி நின்றது. ஐயாயிரம் மடங்கு! கழகம் தன் வாழ்நாளில் ஈட்டிய ஆதாயத்தின் பெரும்பங்கு அந்த ஒன்றிலிருந்தே வந்தது.

அதன் பிறகு இத்தொழிலின் இலக்கணமே அதுவாயிற்று. இருபது நிறுவனங்களில் பணம் போடுகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் மண்ணாகும் என்பதை முதல் நாளே அறிவார். ஐந்தாறு நிறுவனங்கள் போட்டதைத் திருப்பித் தந்தால் போதும். ஒன்றே ஒன்று நூறு மடங்கு தர வேண்டும்; அந்த ஒன்றுக்காகத்தான் இருபதும். எனவே மெல்ல வளர்ந்து, ஊரிலேயே வேரூன்றி, ஐம்பது குடும்பத்துக்குச் சோறு போடும் நிறுவனம் அவருக்குத் தோல்விக் கணக்கில்தான் சேரும். இருபது குதிரைகளின் மேல் பந்தயம் கட்டியவர் ஒவ்வொரு குதிரையிடமும் சொல்வார்: பாய்ந்து ஓடு, கால் ஒடிந்தாலும் ஓடு! அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய கணக்குக்கு அதுவே சரியான அறிவுரை. பத்தொன்பது குதிரைகளின் கால் ஒடிந்தாலும் இருபதாவது குதிரை அவரைக் கரை சேர்க்கும். குதிரைக்கோ இருப்பது அதன் நான்கு கால்கள் மட்டுமே.

இருபதில் ஒன்று வெல்லும் என்பது இருபதையும் வைத்திருப்பவருக்கு நம்பிக்கை. ஒன்றை மட்டும் வைத்திருப்பவருக்கு அதே வாக்கியம் எச்சரிக்கை. சொல் ஒன்று, பொருள் இரண்டு. இதைச் சொல்லிக் கொடுக்காமல் 'துணிந்து இறங்கு' என்று மட்டும் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்களில் நாமும் ஒருவர்.

வென்றவர் கதைகள் மட்டும் ஏன் காதில் விழுகின்றன? பண்டைக் கிரேக்கத்தில் டயாகரஸ் என்றொரு நாத்திகர் இருந்தார். கடவுளை வேண்டிக்கொண்டு புயலில் தப்பியோரின் படங்களைக் கோயிலில் ஒருவர் அவருக்குக் காட்டி, இன்னுமா ஐயம் என்று கேட்டாராம். வேண்டிக்கொண்டும் மூழ்கிப் போனவர்களின் படங்கள் எங்கே என்று திருப்பிக் கேட்டாராம் டயாகரஸ். உரோமானிய அறிஞர் சிசரோ எழுதி வைத்த செய்தி இது. கோயிலுக்குப் பொருந்தும் கேள்வி கல்லூரிக் கருத்தரங்குக்கும் பொருந்தும். 2010-இல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ், துணிகர முதலீட்டால் வளர்ந்து 2021 செப்டம்பரில் அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் ஏறியது. பங்கு பெற்றிருந்த ஊழியர்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அன்று கோடிக்கு அதிபதி ஆயினர் என்று அதன் நிறுவனர் கூறினார். 1996-இல் வேறு பெயரோடு தோன்றிய ஸோகோ, வெளி முதலீடு வாங்காமலேயே பெருநிறுவனம் ஆயிற்று. ஒன்று வாங்கி வென்றது. மற்றொன்று வாங்காமல் வென்றது. இரண்டும் தமிழ்நாட்டுக்குப் பெருமைதான். ஆனால் வாங்கித் தோற்றவர் படமும், வாங்காமல் தோற்றவர் படமும் எந்த மண்டபத்தில் மாட்டியிருக்கின்றன?

இனி, அந்தப் பதினான்கு பக்கம்.

ஒன்பதாம் பக்கத்தில் ஒரு விதி. நிறுவனத்தை விற்க நேர்ந்தால், அல்லது கலைக்க நேர்ந்தால், முதலீட்டாளர் போட்ட தொகை முதலில் அவருக்குப் போய்ச் சேர வேண்டும். எஞ்சியதைத்தான் மற்றவர் பகிர வேண்டும். படிக்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். நிறுவனம் ஐம்பது இலட்சத்துக்கு விலை போகிறது. ஐந்தில் ஒரு பங்கு உடையவருக்குப் பத்து இலட்சம், மற்றவருக்கு நாற்பது இலட்சம் என்றுதானே நினைப்போம்? இல்லை. முதலீட்டாளருக்கு நாற்பது, நம் மாணவருக்கும், அவரோடு இரவு பகல் உழைத்தவர்களுக்கும் சேர்த்துப் பத்து. ஐந்தில் நான்கு பங்குக்கு உடையவர் ஐந்தில் ஒன்றோடு வீட்டுக்குப் போகிறார்.

விதி கொடுமையானது என்று குதிக்க வேண்டா. நாற்பது இலட்சத்தை வாங்கி, மறுநாளே நிறுவனத்தைக் கலைத்து, எண்பது விழுக்காட்டைச் சுருட்டிச் செல்லும் எத்தர்களைத் தடுக்க வந்த விதி அது. குறை விதியில் இல்லை. விதியைச் சொல்லாமல் மறைக்கும் அறிவுரையில் இருக்கிறது. 'நானும் நீயும் ஒரே ஓடத்தில் ஏறிவிட்டோம்' என்கிறார் முதலீட்டாளர். ஓடம் ஒன்றுதான். மிதவை ஒருவர் இடுப்பில் மட்டும் கட்டப்பட்டிருக்கிறது.

இன்னொன்று. ஒரு முறை வாங்கினால் மறுமுறையும் வாங்க வேண்டி வரும். விரைந்து வளரும் நிறுவனம் பணத்தை விரைந்து தின்னும். ஒவ்வொரு முறையும் ஐந்தில் ஒரு பங்கு என்றால், நூறு எண்பதாகும், எண்பது அறுபத்து நான்காகும், மூன்றாம் முறை ஐம்பத்தொன்றில் வந்து நிற்கும். நான்காம் முறை, தன் கருவியைத் தன் அன்னையின் திண்ணைக்குச் செய்வதா, ஆலை முதலாளிக்குச் செய்வதா என்று முடிவு செய்யும் வாக்கு வலிமை அவர் கையில் இராது.

பணத்தின் வலிமை எதைச் செய்யும் என்பதற்கு மேனாட்டுக்குப் போக வேண்டுவதில்லை. தூத்துக்குடிக்குப் போனால் போதும். 1906 அக்டோபரில் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து இலட்ச ரூபாய், பங்கு நாற்பதினாயிரம், பங்கொன்று இருபத்தைந்து ரூபாய். செல்வர் மட்டுமின்றி எளியவரும் கப்பலுக்குப் பங்காளி ஆகலாம் என்னும் ஏற்பாடு. பிரான்சு நாட்டிலிருந்து காலியா, லாவோ என்னும் கப்பல்கள் 1907-இல் வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அதுவரை தனியாட்சி நடத்திய வெள்ளையர் கப்பல் நிறுவனம் என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, இறுதியில் கட்டணமே வேண்டா, ஏறி வாருங்கள், குடையும் இலவசம் என்றது. இழப்பைத் தாங்கும் ஆழமான பை இருந்தது அவர்களிடம். போட்டியாளன் சாகும் வரை இலவசம். செத்த பிறகு வைத்ததே விலை. வாடகை வண்டிக்கும் வீட்டு வாசலில் வந்து தரும் உணவுக்கும் முதலில் பாதி விலை, பிறகு முழு விலை, பிறகு கூடுதல் விலை என்று நாம் இந்நாளில் காண்கிறோமே, அந்தத் தள்ளுபடிக் கூப்பனின் பாட்டன் அந்தக் குடை!

1908 மார்ச்சில் சிதம்பரனார் சிறைப்பட்டார். சூலையில் தண்டனை. 1911-இல் நிறுவனம் கலைக்கப்பட்டது. கப்பல் பகைவரிடமே விலை போயிற்று. 1912 இறுதியில் அவர் வெளியே வந்தபோது வழக்கறிஞர் தொழில் நடத்தும் உரிமையும் பறிபோயிருந்தது. சென்னையில் சிறு கடை நடத்திப் பிழைக்க நேர்ந்தது. அந்நிய ஆட்சியின் அடக்குமுறை அதற்குக் காரணம் என்பது உண்மை. நாம் இங்கு எண்ணிப் பார்ப்பது வேறொன்று. ஒரு பங்கு வாங்கியவர் இருபத்தைந்து ரூபாயை இழந்தார். அதற்குமேல் ஒரு காசும் இழக்கவில்லை. தொடங்கியவரோ தொழிலையும், சொத்தையும், உடல் நலத்தையும் இழந்தார். இருவரும் ஒரே முயற்சியில்தான் தோற்றார்கள். தோல்வி மட்டும் ஒரே தோல்வி அன்று.

இருபத்தைந்து ரூபாயோடு தப்பும் அந்த வழி எங்கிருந்து வந்தது? கடைத்தெருவிலே நிறுவனப் பெயர்ப் பலகைகளின் கடைசிச் சொல்லைப் பாருங்கள்: லிமிடெட். பொருள் அறியாமலே தினமும் படிக்கிறோம். நிறுவனம் கடன்பட்டு வீழ்ந்தால் பங்காளர் தாம் போட்ட பணத்தை மட்டும் இழப்பார். கடன்காரர் அவர் வீட்டையும் வயலையும் தொட முடியாது என்பது அச்சொல்லின் பொருள். இங்கிலாந்தில் இதற்கெனப் பொதுச் சட்டம் வந்தது 1855-இல். அதற்கு முன், பெரும்பாலும் கூட்டாளியின் கடைசித் தட்டுமுட்டுப் பொருள் வரை கடனுக்குப் பொறுப்பு. சார்லஸ் டிக்கன்ஸ் என்னும் பெரும் எழுத்தாளரின் தந்தை 1824-இல் கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் அடைபட்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை காலணி மைப் பட்டறைக்குக் கூலியாகச் சென்றது. தோல்விக்கு எல்லை வகுக்காவிட்டால் எவரும் புதிய தொழிலில் பணம் போட மாட்டார் என்று கண்டுதான் சட்டம் செய்தார்கள்.

இதில் ஒன்றை நீங்கள் கூர்ந்து நோக்க வேண்டும். பணம் உடையவருக்குத் தோற்கும் உரிமையைச் சட்டமே வழங்கியிருக்கிறது. 'தோல்விக்கு அஞ்சாதே' என்று அவருக்கு எவரும் வாய்ச்சொல் சொல்லவில்லை. அஞ்ச வேண்டாதபடி ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். வாய்ச்சொல் மட்டும் நம் மாணவருக்கு! அவருடைய நிறுவனமும் லிமிடெட்தான். ஆனால் அன்னையின் நகை எந்தச் சட்டத்தின் எல்லைக்குள்ளும் இல்லை. அது அடகுக் கடையில் இருக்கிறது. அவர் விட்டுவிட வேண்டிய சம்பளத்துக்கு எல்லை வகுத்த சட்டம் ஏது? தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கு?

வீட்டிலே ஓராண்டுக்கு நெல் இருப்பவர் தோற்கலாம். சொந்த வீடு உள்ளவர் தோற்கலாம். தோற்று வந்தால் மாமன் நிறுவனத்தில் இடம் உள்ளவர் இருமுறை தோற்கலாம். அவர் தோற்றால் அதற்குப் பெயர் அனுபவம். ஒடுக்கப்பட்ட தெருவிலிருந்து முதன்முதல் படித்து வந்தவர் தோற்றால்? 'இவர்களுக்கு ஏன் இந்த வேலை' என்பார்கள். அவருடைய தோல்வியை அவர் பெயரில் மட்டும் எழுதாமல், தெரு முழுவதன் பெயரிலும் எழுதுவார்கள்; அடுத்து அதே தெருவிலிருந்து வருபவர் அதற்கும் சேர்த்து விடை சொல்ல வேண்டும். பெண்ணாக இருந்தாலோ, முதல் தோல்வியே திருமண அழைப்பிதழாக மாறும்! சொத்தும் சாதியும் தலைமுறை தலைமுறையாக வருவதைக் கண்டோம், கண்டித்தோம். தோற்பதற்கான துணிவும் பரம்பரைச் சொத்தாகத்தான் வருகிறது என்பதை நாம் இன்னும் உரக்கச் சொல்லவில்லை.

இதை உணர்ந்த முயற்சிகள் சில உண்டு. தமிழ்நாடு அரசு 2022-23-இல் பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் தொடங்கும் புத்தொழில்களில் பங்கு முதலீடு செய்வதற்கென்றே முப்பது கோடி ரூபாய் ஒதுக்கியது. மறு ஆண்டு ஐம்பது கோடியாக்கியது. நன்கொடை அன்று, மானியம் அன்று, பங்கு. உதவி பெறுபவராக அன்றிக் கூட்டாளியாக ஒருவரை மதிக்கும் முறை. தொகை சிறிது. எண்ணம் பெரிது.

உடனே எழும் குரலும் நமக்குத் தெரியும்: மக்கள் வரிப்பணத்தைத் தோற்கப் போகிறவர்களிடம் கொடுக்கலாமா? இக்கேள்வியை வடலூரில் நின்று கேட்பவர்கள் சற்றே வடக்கே நோக்க வேண்டும். நெய்வேலி! நிலத்தில் துளையிட்டபோது கரும்பொருள் மேலே வரக் கண்டு அரசுக்குத் தெரிவித்து, பின்னர்ப் பல நூறு ஏக்கர் நிலத்தையும் வழங்கிய சம்புலிங்க முதலியாரை இவ்வட்டாரம் அறியும். 1956 நவம்பரில் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவாயிற்று. 1957 மே திங்களில் சுரங்கம் தோண்டத் தொடங்கினர். நிலக்கரிக்கு அடியிலோ பேரழுத்தத்தோடு நிலத்தடி நீர். இறைக்காவிட்டால் சுரங்கத் தரையையே பிளந்துகொண்டு பீறிடும். இரவு பகலாக நீரை இறைத்தார்கள், மண்ணை அள்ளினார்கள். நிலக்கரியின் முகத்தைப் பார்த்தது 1961 ஆகஸ்டில். மின்சாரம் பிறந்தது 1962-இல். நான்காண்டு காலம் பள்ளத்தில் கொட்டப்பட்டது மக்கள் பணம். எந்தத் தனியார் முதலீட்டாளர் 'விரைந்து வளர்' என்று கடிகாரம் பார்க்காமல் காத்திருப்பார்? பொதுப் பணம் காத்திருந்தது. ஆகவே தமிழகத்து ஊர்களில் விளக்கெரிந்தது.

ஆனால் நெய்வேலியின் கதையை அதோடு முடித்தால் நாமும் வென்றவர் படத்தை மட்டும் மாட்டியவர் ஆவோம். அம்முயற்சிக்கு முதற் பொருளாக நிலத்தைத் தந்த சிற்றூர் மக்களுக்கு விலை கிடைத்தது, சிலருக்கு வேலையும் மனையும் கிடைத்தன. விலை வேறு, பங்கு வேறு. பங்குடையவருக்கு ஆண்டுதோறும் ஈவுத் தொகை வருகிறது. விலை வாங்கியவர் கதை வாங்கிய நாளோடு முடிந்தது. 2023 சூலையில் வளையமாதேவியில் வளர்ந்து நின்ற நெற்பயிரின் நடுவே கால்வாய் வெட்டும் இயந்திரங்கள் இறங்கியபோது எழுந்த குமுறலுக்கு இழப்பீட்டுத் தொகை மட்டுமே காரணம் என்று நாம் எண்ணவில்லை. முயற்சியின் இடர் முழுவதும் எங்களுக்கு, உரிமை மட்டும் இல்லையா என்ற கேள்வி அதற்குள் இருந்தது. தொடங்குகிறவர், பணம் தருகிறவர் என்று இருவரை மட்டும் பேசுகிற புத்தொழில் நூல்கள் இந்த மூன்றாமவரைப் பேசுவதில்லை.

நம் ஊரில் இன்னொரு முதலீடும் உண்டு. 1867 மே திங்களில் இராமலிங்கர் இங்கே தருமச்சாலை தொடங்கினார். இவ்வூர் மக்கள் தந்த எண்பது காணி நிலத்தில் எழுந்தது அது. அன்று மூட்டிய அடுப்பை இன்றுவரை அணையவிடாமல் காத்து வருகிறார்கள். அருட்பெருஞ்சோதி பற்றிய கருத்தில் நமக்கு மாறுபாடு இருக்கலாம். அடுப்புச் சோதி பற்றி மாறுபாடு இல்லை. யார் நீ, என்ன சாதி, ஏன் பசித்தாய், உழைத்தாயா, தோற்றாயா என்று கேளாமல் இலை போட்டார்கள் என்பதே நமக்கு முக்கியம். தோற்றவருக்கும் சோறு உண்டு என்னும் உறுதி இருக்கும் ஊரில்தான் புதியன செய்யும் துணிவு ஏழை வீட்டிலும் பிறக்கும்.

சோறு உறுதி என்றால் எவன் உழைப்பான் என்று கேட்பார்கள். தோல்வியில் வலியே இருக்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. போட்ட உழைப்பு வீணாகும். கண்ட கனவு கலையும். அந்த வலி போதும். அதற்குமேல் அன்னையின் நகையும் தங்கையின் படிப்பும் போனால்தான் ஒருவன் உண்மையாக உழைப்பான் என்று சொல்பவர், லிமிடெட் என்னும் சொல்லை முதலில் தம் பலகையிலிருந்து அழித்துவிட்டு வரட்டும்.

மூன்றாம் நாள் மாணவரை வீட்டுக்கு வரச் சொன்னோம். கையெழுத்துப் போடு என்றோ, போடாதே என்றோ நாம் சொல்லவில்லை. ஒன்பதாம் பக்கத்துக் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டினோம். தொழிற் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டா என்றோம். முதலீட்டாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டை எழுதிக் கொடுத்தோம்: இதுவரை எத்தனை நிறுவனங்களில் பணம் போட்டிருக்கிறீர்கள்? அவற்றில் வீழ்ந்தவற்றைத் தொடங்கியவர்கள் இன்று என்ன செய்கிறார்கள்? இருபத்தைந்து திண்ணைக் கருவிகள் விற்கும் வரை வேலையை விடாமல் இருக்க இசைவார்களா என்றும் கேட்கச் சொன்னோம். கேட்டு எழுதியிருக்கிறார். விடை இன்னும் வரவில்லை.

"நகையை முதல்ல திருப்பிடணும் சார். அதுக்கப்புறம் எதுவா இருந்தாலும் பாத்துக்கலாம்" என்றார். நம்மிடம் சீட்டு எடுத்த பணம் முப்பதாயிரம் இருந்தது. கொடுத்தோம். கடனாக வேண்டா, பங்காக எழுதிக்கொள்ளுங்கள் என்று அவர் பிடிவாதம் பிடித்தார், எழுதிக்கொண்டோம். ஆக, இதை எழுதும் வேளையில் நாமும் ஒரு முதலீட்டாளர்!

பணம் கொடுத்த மறுவாரமே ஒரு விந்தை நிகழ்ந்தது. கருவி எத்தனை விற்றது, ஏன் இன்னும் விற்கவில்லை, மாலையில் நண்பர்களோடு பந்தாட்டம் எதற்கு என்றெல்லாம் கேட்க நம் நாக்குத் துடித்தது. ஏழாண்டு அவரை அறிந்த நமக்கு அதற்குமுன் ஒரு நாளும் எழாத துடிப்பு. முப்பதாயிரத்துக்கே இப்படி என்றால் நாற்பது இலட்சம் கொடுத்தவரை நாம் எப்படிக் குறை சொல்வது! நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல், ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் அம்மையார் கருவியை இயக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் மீட்ட சங்கிலி. கைப்பிடி உயரம் அதிகம், தோள் வலிக்கிறது என்றார். மகன் இரம்பத்தை எடுத்துவந்து, இரண்டு விரற்கடை அளந்து, அறுக்கத் தொடங்கினார்.